நூற்றிருபது மாடியா, ஆறு மாடியா

எங்கள் அறையில் நான்கு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டில் லிஃப்ட் அண்ணனுடையது. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இந்த நாட்டில் அவருடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்து எந்த நாடு என்பதுதான் மூன்று வாரமாக அறையில் பேச்சு. கையில் இருந்த நாடுகள் இரண்டு. ஒன்றை ‘உயரம்’ என்றும் மற்றதைக் ‘குளிர்’ என்றும் சொல்லிக்கொண்டோம்.

உயரத்தில் நூற்றிருபது மாடிக் கோபுரம். அதற்கு இவர்தான் தலைமை மெக்கானிக். குளிரில் அவர் போகும் ஊரில் ஆறு மாடிக்கு மேல் கட்டடமே கிடையாது. போனதும் பரீட்சை எழுத வேண்டும், ஒரு வருடம் உதவியாளராக இருக்க வேண்டும். நாற்பத்து நான்கு வயதில் மறுபடி அடியிலிருந்து.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்பார் பக்கத்துக் கட்டில் ஓட்டுநர். “ஆறு மாடிக்கு நானே நடந்து ஏறிடுவேன். லிஃப்ட் எதுக்கு?”

அண்ணனுக்கும் உயரத்தின் மேல்தான் கண். அந்தக் கோபுரத்து லிஃப்ட் மேலே போகும் வீடியோவைத் தினமும் போட்டுப் பார்ப்பார். ஐம்பது நொடிதான். தெரு, கூரைகள், பறவைகள், பிறகு மேகம் காலுக்குக் கீழே. “ஒரு டம்ளர் தண்ணி சிந்தாது தெரியுமா?” என்பார், குரலைத் தாழ்த்தி.

நான் அதுவரை லிஃப்டைக் கதவு வைத்த பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் எங்கள் கட்டடத்து மேல்மாடி லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்து காட்டினார். உள்ளே கிணறு போல் இருட்டு. விரல் தடிமனில் கம்பி வடங்கள் மினுங்கின. எங்கோ யாரோ பொத்தானை அமுக்க, அத்தனை பெரிய கூண்டு மூச்சுகூட விடாமல் எழுந்து வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பாளம் இரும்பு இறங்கிப் போனது.

“நாம ஏறும்போதெல்லாம் நமக்காக ஒண்ணு இறங்குதுப்பா” என்றார்.

அன்றிலிருந்து லிஃப்டுக்குள் நான் கைப்பேசியை எடுப்பதில்லை.

நேர்காணல் இரண்டும் வீடியோவில். ஆங்கிலத்துக்குத் துணையாக நான் பக்கத்தில். முதலில் உயரம். அதிகாரி எதைக் கேட்டாலும், அண்ணன் அந்தக் கேள்வியை அப்படியே ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். பலனில்லை. தான் பேசுவது இவருக்குப் புரிகிறதா என்று அதிகாரி என்னிடமே கேட்டுவிட்டார்.

புரியாமல் இல்லை, தொழில் பழக்கம். கூண்டின் கூரைமேல் நின்று ஒருவர் வேலை செய்வார். மோட்டார் அறையில் இன்னொருவர். கூரைமேல் நிற்பவர் “மெதுவா மேலே” என்றால், மற்றவர் “மெதுவா மேலே” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானைத் தொடலாம். சொல்லாமல் தொட்ட ஒரே ஒரு நாளில் அண்ணியின் தம்பிக்கு ஒரு கால் போயிற்று. தொட்டது அண்ணன்.

நான் பழக்கத்தை மட்டும் விளக்கினேன். அதிகாரி சிரித்துவிட்டு, தங்கள் வேலையைக் காட்டப் படக்கருவியைத் திருப்பினார். அந்தக் கோபுரத்துக்குள், விளக்குகள் புள்ளிபுள்ளியாக இறங்கிக்கொண்டே போகும் ஆழத்தின் மேல், கூண்டின் கூரையில் ஓர் ஆள். அண்ணனின் மூக்கு திரையில் இடித்தது.

“மோட்டார் ரூம்ல யாருன்னு கேளு.”

யாருமில்லை, ஒரு லிஃப்டுக்கு ஓர் ஆள்தான், அதனால்தான் எங்களிடம் வேலை வேகம் என்றார் அதிகாரி, பெருமையாக.

“கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னா கூண்டுலதான் அடைப்பாங்க” என்றார் ஓட்டுநர், கதையைக் கேட்டு.

மறுநாள் குளிர். நரைத்த தலையோடு ஒரு பொறியாளர் அம்மா. முதல் கேள்வியை அண்ணன் திருப்பிச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். அண்ணன் பதிலை முடித்தார். அந்த அம்மா அந்தப் பதிலை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பிறகு நாற்பது நிமிடம் அப்படித்தான். கேள்வி இரண்டு தரம், பதில் இரண்டு தரம். முன்பின் பார்த்திராத இரண்டு பேர், இரண்டு கண்டங்களிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூண்டை அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்க்க நான் தேவைப்படவே இல்லை.

இரண்டு இடமும் சரி என்றன. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளி மதியம் அண்ணன் வீட்டுக்குப் பேசினார்.

“குளிருக்கே போறேன்.”

“ஆறு மாடிக்கா அவ்வளவு தூரம்?” அண்ணியின் குரல் எனக்கும் கேட்டது. “அந்தக் கோபுரம், கோபுரம்னு உசிரை விட்டீங்களே.”

“அங்க ரெண்டு ரெண்டு பேரா வேலை செய்வாங்களாம்.”



“ஸ்வெட்டர் நல்லதா வாங்கிக்குங்க” என்றார் அண்ணி.

உயரத்துக்கு மறுப்பு எழுத நான் உட்கார்ந்தேன். நன்றி, வருத்தம் எல்லாம் அடித்து முடித்தபோது அண்ணன் சொன்னார்: “இன்னொரு வரி. அந்தக் கூரைமேல நின்னாரே, அவருக்குத் துணைக்கு ஒரு ஆள் போடச் சொல்லு.”

“வேலை வேணாம்னு சொல்றவர் புத்தி சொன்னா யாருண்ணே கேப்பாங்க? நாளைக்கு வேற எங்கயாவது உங்களைப் பத்தித் தப்பாச் சொல்லி வைப்பாங்க.”

“எழுதுப்பா.”

கண்ணில் படாதபடி, நன்றிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் அந்த வரியைச் செருகினேன். தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தவர், அதை எடுத்து முதல் வரியாகப் போடச் சொன்னார்.