ஆறு வீட்டுப் பூசை

நான் சேலத்திலிருந்து கல்யாணமாகி நாமகிரிப்பேட்டைக்கு வந்தபோது, அறுபதுகளின் தொடக்கம், அங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆறுதான் இருந்தன. கோயில் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சாமியார் ஒரு தகரப் பெட்டியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். பீடத்தின்மேல் வைக்கும் பலிக்கல், மெழுகுவர்த்தித் தண்டு, பூசை உடுப்பு எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். மஞ்சள் வியாபாரி ஒருவர், இந்து, தம் குடோனில் ஒரு மூலையை எங்களுக்கு வாடகை வாங்காமல் விட்டிருந்தார். பூசை முடிந்து எழுந்தால் முழங்கால் பட்ட இடத்தில் சேலை மஞ்சளாகியிருக்கும். உயர்ந்த கோபுரக் கோயிலில், பாட்டுக் குழுவோடு பூசை கண்டு வளர்ந்தவள் நான். முதல் மாதம் அந்தக் கறையைத் துவைத்துக்கொண்டே அழுதேன்.

ஆறு குடும்பங்கள் என்றாலும் முன்னால் உட்கார்ந்தது ஐந்துதான். ஆறாவது, செருப்பும் கிணற்றில் நீர் இறைக்கும் தோல் பையும் தைப்பவரின் குடும்பம். அவர்கள் கதவோரம் மண்டியிடுவார்கள். நற்கருணை அப்பம் வாங்கக் கடைசியாக வருவார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்கும் டீச்சர் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைக் கண்டும் காணாமல் இருந்தேன்.

மூன்றாம் வருஷம் மாசியில் மஞ்சள் விளைச்சல் அமோகம். பூசைக்கு முந்தின நாள் மாலை வியாபாரியே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். கதவு வரைக்கும் மூட்டை அடுக்கியாச்சு. கால் வைக்க எடமில்லீங்க."

ஆறு வீட்டாரும் எங்கள் வாசலில் கூடினோம். எங்கள் வீடு வாடகை வீடு, சொந்தக்காரர் சம்மதிக்க மாட்டார் என்றார் என் கணவர். தன் வீட்டில் ஒரே அறை என்றார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எங்கள் ஆறு குடும்பங்களுக்கும் பெரியவர் மாதிரி அவர். மற்றவர்களும் ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள். தெருவில் நின்றிருந்த செருப்புத் தைப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க ஊட்ல வெச்சுக்கலாமுங்க. புதுசா ஓடு மாத்தியிருக்குதுங்க. எல்லாரும் உக்காரலாம்."

கம்பவுண்டர்தான் மெதுவாகச் சொன்னார்: "சாமியார் அங்கெல்லாம் வருவாரோ என்னமோ. இந்த மாசம் உட்டுட்டு அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க."

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், எங்களோடு இருந்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், கண்டிப்பானவர். செருப்புத் தைப்பவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுக்கவென்று தனிச் செம்பு வைத்திருந்ததே அவர்தான். செருப்புத் தைப்பவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வாசற்படியை விட்டு இறங்கி அவர் எதிரே போய் நின்றார்.

"காலைல எத்தனை மணிக்குக் கதவு தெறப்பீங்க?"

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்றிருந்தது. உள்ளே வந்ததும் கேட்டேன், "என்னங்க அண்ணி, இப்படி?" அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அத்தனை தூரம் பெட்டியைத் தூக்கிட்டு வர்ற சாமியார்கிட்ட, எடமில்லீங்க திரும்பிப் போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனபோது சுவரில் அடித்த சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. இரவோடு இரவாக அடித்திருக்கிறார்கள். தோல் வெட்டும் பலகையைக் கழுவி உயர்த்தி வைத்து, அதன்மேல் நான் கொண்டுபோன வெள்ளை விரிப்பைப் போட்டோம். சாமியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பலிக்கல்லை எடுத்து அந்தப் பலகைமேல் வைத்தார். கம்பவுண்டர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பழக்கதோஷத்தில் கதவோரமே நின்றார்கள். அண்ணி திரும்பிப் பார்த்தார்.

"உங்க ஊட்ல நீங்களே வாசல்ல நிக்கறதா? முன்னால வாங்க."

வந்தார்கள். சாமியார் லத்தீனில் வாழ்த்துச் சொல்லி எங்கள் பக்கம் திரும்பியபோது முதலில் கண்டது அவர்களைத்தான். அன்று நற்கருணையை முதலில் வாங்கியதும் அந்த வீட்டு அம்மாள்தான்.

பூசைக்காக எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்திருந்தோம். அந்த அம்மாள் தட்டில் காப்பி டம்ளர்களை வைத்துக்கொண்டு, கிட்டே வரலாமா என்று தயங்கி நின்றார். அண்ணி எட்டி ஒரு டம்ளரை எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்தே குடித்தார்.

"சக்கரை கொஞ்சம் தூக்கலுங்க" என்றார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டேன். பெரிய கோயிலில் எத்தனையோ திருநாள் பூசை கண்டிருக்கிறேன். இவர்களில் ஒருத்தி நான் என்று அப்படி நெஞ்சு நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதமும் பூசை அங்கேதான். கம்பவுண்டரின் மனைவி மட்டும் தனியாக வந்தார். அதற்கடுத்த மாதம் கம்பவுண்டரும் வந்தார், எல்லாரோடும் பாயில் உட்கார்ந்தார். அதன்பின் வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டோம். இடம் போதாத வீடுகளெல்லாம் எப்படியோ போதுமான வீடுகளாகிவிட்டன. எங்கள் வீட்டுச் சொந்தக்காரரும், கேட்டபோது, சரி என்றார்.

ஆனியில் மஞ்சள் வியாபாரி என் கணவரை வழியில் நிறுத்திக் கேட்டாராம். "குடோன் காலியாயிருச்சு. ஏனுங்க, யாரையும் காணோம்?"

"ஊடு ஊடா வெச்சுக்கறோமுங்க" என்று இவர் சொல்ல, "அதுவும் நல்லதுதானுங்க" என்றாராம் அவர்.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு முதல் பிரசவம். மூன்று நாள் எங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டது செருப்புத் தைப்பவரின் மனைவி. கஞ்சி கட்டியாகிவிட்டது என்று அண்ணி குறை சொல்ல, "அப்ப நீங்களே காச்சுங்க" என்று அவர் பதில் சொல்ல, படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் சேலத்தில், நான் வளர்ந்த கோயிலிலேயே. விருந்தில் என் பெரியம்மா அண்ணியிடம் பரிதாபமாகக் கேட்டார், "ஒரு கோயில்கூட இல்லாத ஊர்ல எப்படித்தான் இருக்கீங்களோ?"

"எங்களுக்குப் பூசைக்கு ஆறு ஊடு இருக்குதுங்க" என்றார் அண்ணி. "ஒருதரம் வந்துதான் பாருங்களேன்."

குரலில் பணிவு கொஞ்சமும் இல்லை. நான் பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, என் சொந்தக்காரர்களை விட்டு நகர்ந்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.