கத்தரிக்கோல் மூடிய கேள்வி

“ஐயோ அவசரம், யாராவது உடனே காப்பாத்துங்க, மேனேஜர் தலைமேல நிக்கிறாரு” என்று கணினித் திரையில் வந்ததை அந்தப் பெண்மணி வாய்விட்டுப் படிக்கிறார். படித்த கையோடு திரையைப் பார்த்தே பதிலும் சொல்கிறார்: “உன் கஷ்டம் புரியுதுப்பா. கேள்வி எங்கே?”

காலை மணி ஐந்தரை. அடுப்பில் தண்ணீர் சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. சமையலறை மேசையில், சுவரோரம் ஒட்டிய நாற்காலியில், ஒரு காலை மடித்துப் போட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். நாலாவது பத்தியில் பதுங்கிக் கிடந்த உண்மையான கேள்வியைத் தேடிப்பிடித்துத் தலைப்புக்கு ஏற்றுகிறார். “அவசரம்” போகிறது. “காப்பாத்துங்க” போகிறது. மேனேஜரும் போகிறார். கேட்டவர் ஒட்டியிருந்த ஐந்து குறிச்சொற்களில் நாலைப் பிய்த்துவிட்டு, பொருத்தமான ஒன்றைச் சேர்க்கிறார். திரையின் வலது மூலையில், பார்க்க வேண்டிய கேள்விகளின் மீதி எண்ணிக்கை ஒன்று குறைகிறது. அடுத்த கேள்வி.

நிரல் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் இணைய மன்றம் அது. அதில் அவர் ஒன்பது வருடமாக மட்டுறுத்துநர். வந்து விழும் கேள்விகளை இனம் பிரிப்பது, பொருத்தமான குறிச்சொல் ஒட்டுவது, ஏற்கனவே பதில் கிடைத்துவிட்ட கேள்வி என்றால் அதை மூடிவிட்டுப் பழைய பதிலுக்கு வழிகாட்டுவது, இவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது. பகலில் குடிநீர் வாரியத்தின் கணினிப் பிரிவில் அவருக்கு வேறு நாற்காலி இருக்கிறது. மூடுவதில் அவர் கை வேகத்தைப் பார்த்து எரிச்சலான யாரோ ஒருவர் “கத்தரிக்கோல்” என்று திட்டிவிட்டுப் போனார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பக்கத்தில் அதையே பெயராகப் போட்டுக்கொண்டார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பும் முன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே தினமும் ஏதாவது சொல்லாமல் போகமாட்டார். “நடு மாடியில மாட்டிக்கிட்டவன்கூட இப்படிக் கத்தமாட்டான். உங்க ஆளுங்க ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதுக்கு ஊரைக் கூட்டுறாங்களே!”

“மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும்” என்பார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன வருடம் அவர் கையில் எடுத்தது “தேதி” என்ற குறிச்சொல்லை. அதன் கீழ் பதினோராயிரம் கேள்விகள் குவிந்து கிடந்தன. இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கேட்டவர், நாள்காட்டிப் படம் திரையில் கோணலாக வருகிறது என்று அழுதவர், வெவ்வேறு நாட்டு நேரங்களுக்கு நடுவே வழி தவறியவர் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஆங்கிலத்து ‘டேட்’டை நம்பி, பக்கத்து மேசைப் பெண்ணை வெளியே அழைத்துப் போவது எப்படி என்று கேட்ட ஒரு அப்பாவிகூட அதே கும்பலில் நின்றுகொண்டிருந்தார். இதை ஏழு குறிச்சொற்களாகப் பிரித்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஒவ்வொன்றாக, கையால்.

ஞாயிற்றுக்கிழமை மட்டுறுத்துநர்கள் பேசிக்கொள்ளும் அழைப்பில் தாடிக்காரர் சிரித்தார். மன்றத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், படத்தில் பெரிய தாடியோடு இருப்பவர். “எதுக்கு மேடம் உடம்பைக் கெடுத்துக்கறீங்க? மெஷின்கிட்ட கொடுத்தா அரை நாள்ல பிரிச்சுக் கையில கொடுத்துடும்.”

“நூறு கேள்வி கொடுத்துப் பார்த்தேன் சார். பதினொண்ணு தப்பு.”

“நூத்துக்குப் பதினொண்ணுதானே?”

“அந்தப் பதினொரு பேர்கிட்ட நீங்களே போய் அப்படிச் சொல்றீங்களா?”

இவர் தினமும் காலையில் ஐம்பது என்று வைத்துக்கொண்டு தொடங்கினார். காய்ச்சலில் படுத்த மூன்று நாளைக்கும் சேர்த்து நாலாவது நாள் இருநூறு பார்த்தார்.

ஆறாவது மாதத்தில் ஒரு காலை, “தேதி ஒரு நாள் பின்னால போகுது” என்ற தலைப்பு வந்தது. மூடப்பட்ட கேள்வி. வழக்கமான நேர வித்தியாசச் சிக்கல்தான், நேர மண்டலத்தைச் சரியாக அமைத்தால் தீர்ந்துவிடும் என்று பழைய பதிலொன்றுக்கு அம்புக்குறி போட்டிருந்தது. மூடியவர் பெயரும் அங்கேயே இருந்தது: கத்தரிக்கோல். நாள், இரண்டு வருடத்துக்கு முன்.

அதன் கீழே, கேட்டவர் எழுதிய ஒரே ஒரு குறிப்பு. “அதை ஏற்கனவே செஞ்சு பார்த்துட்டேங்க. மத்த எல்லாருக்கும் சரியா வருது. சில பேருக்கு மட்டும்தான் மாறுது. தயவுசெஞ்சு மறுபடி பாருங்க.” யாரும் மறுபடி பார்க்கவில்லை.

அவர் கேள்வியின் முதல் வரிக்குப் போனார். இந்த முறை கடைசி வரி வரைக்கும் படித்தார். கடைசி வரி இப்படி முடிந்தது: “வயசானவங்க பிறந்த தேதியில மட்டும்தான் இப்படி ஆகுது.”

அடுப்பில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தார்.

கேள்வியைத் திறந்துவிட்டு, கேட்டவருக்கு எழுதினார். அன்று மாலையே பதில் வந்தது. எண் வாங்கிக்கொண்டு பேசினார். கேட்டவர் ஒரு செவிலியர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் சின்ன மருத்துவமனை, எட்டே படுக்கை. நிரல் எழுத ஆள் வைக்க வழியில்லாததால், வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டு நோயாளிகள் பதிவேட்டை எழுதியிருந்தார்.

“ஊசி போடறதுக்கு முன்னாடி பிறந்த தேதி கேட்போம் மேடம். ஸ்கிரீன்ல இருக்கறதும் அவங்க சொல்றதும் ஒத்துப் போகணும். இல்லாட்டி ஆள் மாறிடுச்சோன்னு மறுபடி எல்லாம் சரிபார்க்கணும். எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர், போன வாரம் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. ‘என் பொறந்தநாள் எனக்குத் தெரியாதாம்மா’ன்னு கேட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“இவ்வளவு நாளா எப்படிச் சமாளிக்கறீங்க சிஸ்டர்?”

“சரியான தேதியைச் சீட்டுல எழுதி ஃபைல் மேல ஒட்டி வெச்சிருக்கோம். சீட்டு விழுந்துட்டாத்தான் வம்பு.”

“திரும்பக் கேட்டிருக்கலாமே?”

“மூடிட்டீங்களே மேடம். நான்தான் ஏதோ முட்டாள்தனமா கேட்டுட்டேன்னு நினைச்சேன்.”

“தப்பு என் பேர்ல” என்று மட்டும் சொன்னார் இவர்.

கேள்விகளைப் பிரிப்பவர் பதில் தேடிக்கொண்டு அலைய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் அவர் அலைந்தார். அன்றாட ஐம்பதையும் விடவில்லை; அது முடிந்தபின் இது. செவிலியர் அனுப்பிய தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். நோயாளிகளின் பெயர் வேண்டாம், தேதி மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார். மாறியவை எல்லாம் நாலைந்து வருடத்துக்குள் பிறந்தவர்களுடையவை. அதற்கு முன் பிறந்தவர் சரி, பின் பிறந்தவரும் சரி. அந்த நாலைந்து வருடத்தில் என்ன நடந்தது? அலுவலகத்து மதிய இடைவேளை ஒன்பதை அதற்குச் செலவிட்டார். பத்தாவது நாள் பிடிபட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். மனிதர்கள் மறந்துவிட்டார்கள், கணினி மறக்கவில்லை. தேதியைச் சேமிக்கும்போது பழைய கடிகாரத்தையும் காட்டும்போது இன்றைய கடிகாரத்தையும் பார்த்தது. மணி சொல்லாத தேதியை நள்ளிரவு என்றே அது பதிந்துகொள்ளும்; அதனால் அந்த வருடங்களில் பிறந்த அத்தனை பேரையும் முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு இழுத்துப் போட்டுவிட்டது.

“பிறந்த தேதிக்கு மணி எதுக்கு சிஸ்டர்? மணியைத் தூக்கிடுங்க. வெறும் தேதியா மட்டும் வைங்க. பழைய பதிவை எப்படித் திருத்தறதுன்னும் எழுதியிருக்கேன்.”

மறுநாள் செவிலியரின் குரலில் மூச்சு வாங்கியது. “எல்லாம் சரியாயிடுச்சு மேடம்! சீட்டெல்லாம் பிச்சு எறிஞ்சுட்டோம்!”

மன்றத்தில் தான் போட்ட பதிலின் தலைமாட்டில் இவர் ஒரு வரி சேர்த்தார்: இந்தக் கேள்வியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவறாக மூடியது நான். தாடிக்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, தான் இதுவரை மூடிய கேள்விகளின் பட்டியல் வேண்டும் என்றார்.

“உங்களை யாரு மேடம் கணக்குக் கேட்டா?”

“அந்த சிஸ்டர் கேட்டாங்க சார். ரெண்டு வருஷம் முன்னாடியே. எனக்குத்தான் காதுல விழல. மீதி எண்ணிக்கை குறையுதான்னு பார்த்துக்கிட்டே மூடியிருக்கேன்.”

“அனுப்பறேன்” என்றார் தாடிக்காரர்.

மறுநாள் காலை பட்டியல் வந்தது. கணவர் பூட்ஸ் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். “எத்தனை?”

“மூவாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு.”

அவர் கேலி எதுவும் செய்யவில்லை. “அடுப்பை நான் பார்த்துக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

திரையின் வலது மூலையில் மீதி எண்ணிக்கை ஒளிர்ந்தது. அவர் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, அந்த மூலையை மறைத்து ஒட்டிவிட்டு, முதல் கேள்வியை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.