முதுகில் விட்ட சிவப்பு நூல்

பேய், ஆவி, காத்து கருப்பு எதையும் நம்பியவள் இல்லை நான். வேதியியல் ஆராய்ச்சி செய்தவள். சோதனைக் குழாயில் தெரியாததை நூரா ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று என் கணவர் யூசுப்பே கேலி செய்வார். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எழுபத்து மூன்றில் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில் இருந்தோம். என்னோடு லேபில் வேலை பார்த்த ஹெல்கா ஒரு குழுவில் இருந்தாள். பழங்கால ஜப்பானிய உடைகளைத் தாங்களே தைத்து, உடுத்திக்கொண்டு, கோடையில் பூங்காவில் ஊர்வலம் போவார்கள். தபால்காரர், பல் டாக்டர் எல்லாரும் அங்கே சாமுராய்கள்தான். நான் கான்வென்டில் எம்பிராய்டரி கற்றவள் என்று தெரிந்ததும் விடுவார்களா? சனிக்கிழமைகளில் பட்டு அங்கிகளில் நாரையும் பைன் மரமும் தைத்துக் கொடுத்தேன்.

ஹெல்காவின் மகள் காரினுக்கு ஐந்து வயது. அவளுக்கும் ஒரு சின்னக் கிமோனோ. மியூசியம் புத்தகத்தில் இருந்த போட்டோவைப் பார்த்துத் தைத்தேன். சிறுபிள்ளை உடை, முதுகு முழுக்க ஒரே துணி, நடுவில் மூட்டுத் தையல் கிடையாது. ஆனால் படத்தில் கழுத்துக்குக் கீழே வெறும் துணியில் சிவப்பு நூலால் வரிசையாகச் சில தையல் போட்டு, மிச்ச நூலை வெட்டாமல் ஒரு சாண் தொங்க விட்டிருந்தார்கள். நானும் அப்படியே போட்டுவிட்டு, அசிங்கமாக இருக்கிறதே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். ஹெல்கா தடுத்துவிட்டாள். படத்தில் இருந்தால் இருக்கட்டும், காரணம் நமக்கெதற்கு என்றாள்.

ஊர்வலத்தன்று பிற்பகல், நல்ல வெயில். பூங்கா மண்டபத்துக்குள் பல் டாக்டரின் மனைவிக்கு இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் வலது ஆள்காட்டி விரலை எதுவோ வெடுக்கென்று இழுத்தது. கிணற்றிலிருந்து நிறைந்த வாளியைத் தூக்கும்போது இருக்குமே, அப்படி ஒரு பாரம். யோசிக்காமல் நானும் இழுத்தேன், இரண்டடி பின்னால் போனேன், பாரம் போய்விட்டது. விரலைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு.

அப்புறம்தான் வெளியே சத்தம். நான் தைத்த கிமோனோவோடு காரின் பூங்கா ஏரியில் விழுந்துவிட்டாளாம். ஹெல்காவும் நானும் ஓடிப் போய்ப் பார்த்தபோது பிள்ளை கரைப் படியில் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். நீச்சல் தெரியாது, தண்ணீரோ ஆழம், தூக்கிய ஆளும் இல்லை. என்னைக் கண்டதும் கை நீட்டி, "நூராதான் என்னை முதுகில் பிடிச்சு இழுத்தா" என்றாள். சத்தம் கேட்கும்வரை நான் மண்டபத்தை விட்டு நகரவே இல்லை என்று டாக்டரின் மனைவி சத்தியம் செய்தாள்.

வீட்டில் யூசுப், "அந்த பெல்ட்டை டைட்டா இழுத்ததுல விழுந்த கோடா இருக்கும், விடு" என்றார்.

"அந்தப் பட்டி நாலு விரல் அகலங்க. இது நூல் அறுத்த கோடு."

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போய் மருந்து எடுத்து வந்தார்.

அடுத்த வாரம் அவரோடு படித்த ஜப்பானியர் ஒருவர் சாப்பிட வந்தார். நூலைப் பற்றிக் கேட்டேன். பஸ் போகும் வழியைச் சொல்வதுபோலச் சொன்னார்: தையல் இல்லாத முதுகுக்குக் காவல் இல்லை, அதனால் அந்தத் தையல்; பிள்ளை நெருப்பிலோ தண்ணீரிலோ விழுந்தால் தெய்வம் பிடித்துத் தூக்கத்தான் அந்தத் தொங்கும் நூல்.

"தெய்வம்தானே? நான் இல்லையே?" என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

இப்போது காரினுக்கே பேரப்பிள்ளை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் சென்னைக்கு வந்து எங்களோடு தங்கினாள். விழுந்தது நினைவில்லை, தண்ணீரும் நினைவில்லை, ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கிறது, கேட்கலாமா என்றாள்.

"நீங்க படியில நின்னு இழுத்தீங்க. உங்களுக்குப் பின்னால நின்னு உங்க மணிக்கட்டைப் பிடிச்சிருந்தாங்களே, அவங்க யாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். அன்றிலிருந்து வலது கையில் நான் வளையல் போடுவதில்லை.