இடப்பக்கம் இழுத்த கார்

காலை ஏழே கால் மணி. காரைத் தள்ளி வந்தவர்கள் நான்கு பேர். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஞானப்பிரகாசம். எங்கள் தொழிலில், வாகனத்தை ஓட்டி வருபவர் பத்துக் குறை சொல்வார். தள்ளி வருபவர் மட்டும் "சின்ன வேலைதான்" என்பார்.

பதுளை பஸ் நிலையத்துக்குக் கீழே இருக்கும் என் கராஜில் வாகனங்களின் முன்பக்க வேலை மட்டும்தான் நடக்கும். ஸ்டியரிங், ஸ்பிரிங், சக்கரத்தின் நேர், அவ்வளவுதான். வளைவும் பள்ளமுமான இந்த ஊரில், ஒரு பக்கமாக இழுக்கும் பழைய வாகனத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதைப் படிக்கும்போதே தோள் வலிக்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஞானப்பிரகாசம் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், எலெக்ட்ரீசியன். எப்போதோ ஒரு துரை பங்களாவில் விட்டுப்போன கூரையில்லாத பழைய இங்கிலீஷ் காரின் உடம்பு அவருக்குக் கிடைத்தது. அதில் இருந்தவை இரண்டு இருக்கைகளும் நிறையத் துருவும். அடிச்சட்டத்தை அவரே இரும்பு வாங்கி வெல்டிங் செய்து ஒட்டினார். எஞ்சின், உடைத்து விற்ற ஒரு ஜப்பான் வேனுடையது. இதற்கு ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எதிர்ப்பக்கம்

ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பின. இறங்கி ஒருமுறை காரைச் சுற்றி வந்துவிட்டு மறுபடி ஏறித் திருப்பினேன். மறுபடியும் வலப்பக்கம்தான்.

வேன் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி பெரியது. அது ஸ்டியரிங் ரெக்கில், அதாவது சக்கரங்களை இழுத்துத் தள்ளும் நீளமான தண்டில், இடித்திருக்கிறது. ஞானப்பிரகாசம் யோசிக்கவில்லை. அச்சுக்குப் பின்னால் இருந்த ரெக்கைக் கழற்றி முன்னால் பூட்டிவிட்டார். பின்னாலிருந்து தள்ளும்போது ஒரு பக்கம் திரும்பும் சக்கரம், முன்னாலிருந்து தள்ளினால் மறுபக்கம் திரும்பும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். முன்பக்கம் பூட்டவென்றே செய்த ரெக் ஒன்றைப் பண்டாரவளையில் பழைய சாமான் கடையொன்றில் தேடிப் பிடித்தோம்.

டவுனுக்கு லொறியில் ஏற்றி வந்து சந்தியில் இறக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்குள் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். எப்படி என்று கேட்டேன்.

"பழகிருச்சுங்க பாஸ். இப்ப மோட்டார் சைக்கிள்ல ஏறினாத்தான் விழுறேன்."

பிலோமினாவின் தவணை

அடுத்த சனிக்கிழமை ஞானப்பிரகாசத்தோடு அவர் மனைவி பிலோமினாவும் வந்தார். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்தில் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். என்னையும் அவர்களில் ஒருவனாக நினைத்துத்தான் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது. குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, காரைப் பார்க்காமலேயே ஆரம்பித்தார். ஆறு வருடமாக ஞாயிறு பூசைக்குத் தனியாகப் போகிறார். கொழும்பிலிருந்து ஒருவர் காரின் படத்தைப் பார்த்துவிட்டு அதை விலைக்குக் கேட்டு வாரம் தவறாமல் போன் பண்ணுகிறார். ஞானப்பிரகாசம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு என்னைய இதுல ஏத்திக்கிட்டுப் பதுளைக்கு வந்து, கை கால் முழுசாத் திரும்ப வீட்டுல விடணும். முடியலன்னா கொழும்புக்காரரு எடுத்துக்கிட்டுப் போகட்டும். இத இவருகிட்ட சொல்லல பாஸ், ஒங்ககிட்டத்தான் சொல்றேன்."

அப்போது ஐப்பசி பாதி முடிந்திருந்தது.

பஸ்ஸுக்கு நின்ற பெண்கள்

புது ரெக் வந்ததும் கார் திருப்பிய பக்கம் திரும்பியது. திருப்பாத பக்கமும் திரும்பியது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் மூக்கை இடப்பக்கம் வெட்டியது. ஹாலிஎலப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். பஸ் தரிப்பிடம் ஒன்றில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். அதற்கு முன்னால் வரிசையாக மூன்று பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கார் அவர்களை நோக்கி ஒரு அடி நகர்ந்தது. நான் வலப்பக்கம் இழுத்து, வெட்கத்தில் தலையை ஆட்டி, ஒரு வழியாக நிறுத்தினேன்.

ரெக் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கால் ஏற்றி இறக்கி, அது எங்கே பார்க்கிறது என்று அட்டையில் பென்சிலால் கோடு போட்டேன். கோடு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. ரெக்கின் அடியில் வொஷர் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கோடு நேராக இரண்டு நாள் ஆயிற்று.

அன்றைக்குத் தரிப்பிடத்தில் நின்ற ஒரு அம்மா, கையில் முருங்கைக்காய்க் கட்டோடு, சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

"வணக்கம் சொல்றதுன்னா அங்கேருந்தே சொல்லுங்க தம்பி. இவ்வளவு கிட்ட வரணுமா?"

மட்டமான தரை

இனி பிரேக். இறக்கத்தில் அழுத்தினால் கார் இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கில் குறையில்லை. ஒரு மூலையைப் பிடித்து அமுக்கினால் எதிர் மூலை லேசாக ஆடியது. கால் ஒன்று குட்டையான நாற்காலி மாதிரி. முன் இடச் சக்கரத்தில் பாரம் கூட, வலதில் குறைவு. பாரம் கூடிய பக்கத்தில்தான் பிரேக் இறுக்கிப் பிடிக்கும், கார் அந்தப் பக்கமே இழுபடும்.

அடிச்சட்டத்தை எங்கே வைத்து ஒட்டினீர்கள் என்று கேட்டேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், ஞாயிறு அங்கே நிறுவை இல்லை, நல்ல சீமெந்துத் தரை என்றார். எல்லா உயரத்தையும் தரையிலிருந்து டேப் வைத்து அளந்திருக்கிறார். கொழுந்து மடுவத்துத் தரை, கழுவிய தண்ணீர் வடிய ஒரு மூலைக்குச் சாய்த்துப் போட்டது. தண்ணீர் வடியும் சரிவு அப்படியே காரின் சட்டத்தில் ஏறிவிட்டது.

ஸ்பிரிங்குகளைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். அதற்கு மட்டமான தரை வேண்டும். என் கராஜும் கழுவுகிற தரைதான். மேசன்மார் வைப்பதுபோலத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப்போடு பதுளை முழுக்க அலைந்தோம். கடைசியில் ரயில்வே மேடை. டியூப்பின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு நாங்கள் குந்தியிருந்ததைப் பார்த்த ஒரு போர்ட்டர் விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"மட்டமாப் போட்டா மழத்தண்ணி எங்கங்க போகும்? ஒங்க வீட்டுக்கா?"

சல்லடை அறை

யோசனை ஞானப்பிரகாசத்துடையதுதான். தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கும் சல்லடை மெஷின் நிற்கும் தரை மட்டமாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தூள் ஒரே பக்கமாக ஓடும். அவர்களுடைய ஸ்டோரில் பழைய சல்லடை அறை ஒன்று மெஷின் இல்லாமல் கிடந்தது. வெறும் சாக்கு அடுக்குகிறார்கள். பக்கத்திலேயே தூள் மூட்டை நிறுக்கும் தராசு, ஒரு சக்கரத்தை ஏற்றினால் கிலோ கணக்கில் சொல்லிவிடும்.

டீமேக்கரிடம், அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான ஐயாவிடம், அனுமதி கேட்டோம். ஒரு ஞாயிறு தந்தார். எஞ்சினைப் போடக்கூடாது, தள்ளித்தான் ஏற்ற வேண்டும். டயரைக் கழுவிச் சாக்குச் சுற்ற வேண்டும். நாங்கள் செருப்பைக் கழற்றித் தலையில் தொப்பி போட வேண்டும். கேட்டைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார்.

"கிரீஸ் வாசம் சாக்குல ஏறுச்சு, ஒங்க ரெண்டு பேரையும் அதே சாக்குல கட்டித் தேயிலை ஏலத்துக்கு அனுப்பிருவேன்."

எத்தனை கிலோ

காரில் இரண்டு பேர் இருப்பதுபோல் பாரம் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். வலப்பக்கம் ஞானப்பிரகாசம் தானே உட்கார்ந்தார். இடப்பக்கம் பிலோமினாவுக்குப் பதில் மணல் சாக்கு. அவர் நிறை எவ்வளவு என்று கேட்டேன். ஸ்டோருக்குள் வேறு யாரும் இல்லை. ஆனாலும் ஞானப்பிரகாசம் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக, "ஐம்பத்தஞ்சு" என்றார். பதினாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர் சொல்கிறார், நான் எழுதிக்கொண்டேன். நாலு மூலையும் அழகாக வந்தது. மணல் சாக்கைப் பக்கத்தில் வைத்தபடியே ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு, தோட்டத்து இரண்டாவது வளைவு வரைக்கும் வர பிலோமினா சம்மதித்தார். பள்ளத்தாக்கு இருந்ததும் இடப்பக்கம், அவர் உட்கார்ந்ததும் இடப்பக்கம். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். வளைவுக்கு முன் பிரேக் விளக்கு எரிந்தது. கார் இடப்பக்கம் இழுத்து, ஓரத்துக் கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பிலோமினா இறங்கினார். கார் முடிந்தது, கொழும்புக்காரருக்கு இன்றைக்கே போன் போகும் என்று நினைத்தேன். ஞானப்பிரகாசம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு எழும்பவில்லை.

"எனக்கு எத்தன கிலோ வச்சீங்க?" என்று பிலோமினா கேட்டார். சொன்னேன். புருஷனை ஒரு நிமிடம் பார்த்தார். பிலோமினாவுக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு திரும்பி, ஸ்டோரைப் பார்த்து மேட்டில் நடக்க ஆரம்பித்தார். டீமேக்கரிடம் அவரே பேசினார். அவரே செருப்பைக் கழற்றினார், தொப்பி போட்டார், தராசில் ஏறி நின்றார். தராசு முள் ஐம்பத்தைந்தை மதிக்காமல் வெகுதூரம் போய் நின்றது.

"எழுதிக்கங்க பாஸ். வெளிய யாருக்காவது தெரிஞ்சுச்சு, காரு மட்டுமில்ல, இவரும் கொழும்புக்குத்தான்."

அவரையே இருக்கையில் உட்காரவைத்து நாலு மூலையையும் மறுபடி சரிக்கட்டினேன். அந்த எண்ணை இங்கேயும் நான் எழுதவில்லை.

கோயில் வாசல்

கிறிஸ்மஸ் காலையில் பதுளைக் கோயில் வாசலில் காத்திருந்தேன். எனக்குக் கோயிலில் வேலை இல்லை, நான் வேற்றுச் சாமி கும்பிடுகிறவன். பண்டாரவளை வழியாக, அத்தனை இறக்கத்தையும் இறங்கி, கார் வந்து வாசலில் நேராக நின்றது. ஞானப்பிரகாசத்தின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பிலோமினா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாக இறங்கினார். இழுத்ததா என்று கேட்டேன்.

"காரு நல்லாத்தான் போகுது. இவருதான் வளைவுக்கு வளைவு நின்னு கும்புடுறாரு. எங்கிட்ட குடுத்திருந்தா பூசைப் பாட்டுத் தொடங்கும்போதே வந்திருப்போம்."

முன்பக்க வேலையில் என் இத்தனை வருட அனுபவத்தின் சாரம், வாகனத்தை நிறுக்கும் முன் அதில் ஏறப்போகிறவரிடமே கேட்டுவிட வேண்டும் என்பதுதான்.

மாசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை பிலோமினா டிரைவிங் லைசன்ஸ் எடுத்தார். அடுத்த திங்கட்கிழமை, ஓட்டுகிற ஆள் மாறியதால் நாலு மூலை நிறையையும் மாற்றி வைக்கச் சொல்லி, காரைத் தானே ஓட்டிக்கொண்டு என் கராஜுக்கு வந்தார்.