என் கையை உடைத்தவனின் கைகள்

என் கணவர் சாமுவேலை ஏரியில் வைத்து வெட்டினார்கள். இறால் வலை போடும் இடத்துக்காக எங்கள் குப்பத்துக்கும் எதிர்க்கரைக் குப்பத்துக்கும் நடந்த சண்டை அது. இரண்டு குப்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. அதனாலேயே வெறி அதிகம். படகில் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தபோது தொடையிலிருந்து இரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. புடவையைக் கிழித்துக் காயத்தில் சுற்றினேன். சுற்றச் சுற்ற நனைந்தது. எங்கள் குப்பத்துக்குச் சாலை கிடையாது. படகில் பழவேற்காடு போய்த்தான் ஆம்புலன்ஸ் ஏற வேண்டும். பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டார்.

மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்தார். “காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டி, விடாம அமுக்கியிருந்தா பொழைச்சிருக்கலாம்மா” என்றார். என்னைக் குறை சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் இரத்தம்தான்.

அப்போது என் மகள் மெர்சி சின்னப் பிள்ளை. பொன்னேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா வேலைக்குப் போனேன். அடிபட்டு வருகிறவர்களின் அறையைத் துடைப்பதுதான் என் வேலை. துடைத்துக்கொண்டே பார்ப்பேன். அங்கே இருந்த ஒரு நர்ஸ் தங்கைதான் ஒரு நாள் சொன்னாள்: “அக்கா, நீ பிளஸ் டூல பயாலஜிதானே? நீட்டுக்கு இப்ப வயசு வரம்பு இல்ல. கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கு.” நான் சிரித்தேன். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைக்கே வீட்டில் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, இது உம்முடைய யோசனையா, என் பைத்தியமா?” என்று கேட்டேன். மறுநாளே பழைய புத்தகங்களை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் தடவை தோற்றேன். மறுபடியும் விண்ணப்பித்தேன். குப்பத்தில் கேலி பேசினார்கள். அது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் வீட்டுக்குள்தான் இருந்தது. என் கணவரின் தம்பி தாசன், அண்ணன் செத்ததிலிருந்து பழி பழி என்று அலைந்தான். வெட்டியவன் ஜெயிலில் இருந்தான். அவன் வீட்டில் ஒருவனையாவது சாய்த்தால்தான் இவனுக்குச் சோறு இறங்கும். நான் படிப்பது அவனுக்குத் துரோகமாகத் தெரிந்தது.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது குடித்துவிட்டு வந்தான். “எங்கண்ணன் ரத்தம் காயல. நீ இன்னா பொஸ்தகத்த வெச்சிகினு குந்திகினு கீற?” என்று புத்தகங்களை வாரி அடுப்பில் போட்டான். நான் பாய்ந்து எடுத்தேன். அவன் படகு தள்ளும் கழியை ஓங்கி வீசினான். என் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மெர்சி அலறினாள். அவன் கழியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

விரல் நுனி வரை மாவுக்கட்டு. அந்தக் கையால் எப்படித் தேர்வு எழுதுவது? அன்று நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. துதிக்கவில்லை. வாய்க்கு வந்தபடி கர்த்தரைத் திட்டினேன். “புருஷனை எடுத்தீர். கையையும் எடுத்தீர். இன்னும் என்ன வேண்டும்? நான் போகிற வழியை அடைக்கிறீரா, திறக்கிறீரா? ஒன்றைச் சொல்லும்” என்று கத்தினேன். அழுது ஓய்ந்த பிறகு பென்சிலை இடது கையில் பிடித்தேன். விடைத்தாளில் வருகிற மாதிரி வட்டத்தை நிரப்பப் பழகினேன். சிலேட்டில் ஆனா எழுதும் குழந்தை மாதிரி நடுங்கியது. விடவில்லை. வட்டத்துக்கு வட்டம் ஜெபித்தேன்.

தேர்வு, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கிளம்பி, ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். ஏரி முழுக்கக் கூச்சல். மறுபடியும் வலை போடும் இடத்தில் மோதிக்கொண்டார்கள். ஒரு படகு எரிந்துகொண்டிருந்தது. கல் பறந்தது. எங்கள் ஆட்களிடம் கெஞ்சினேன். “இப்போ படகு எறக்குனா வெட்டிருவானுங்க” என்று ஒருவரும் அசையவில்லை. “ஆண்டவரே, ஒரே ஒரு படகு” என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் ஒருவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துவந்து மணலில் போட்டார்கள். எதிர்க்கரைப் பையன் குமார். என் கணவரை வெட்டியவனின் கூடப்பிறந்த தம்பி. தொடையில் வெட்டு. அதே இரத்தம். அதே மாதிரிப் பீறிட்டது. பக்கத்தில் அரிவாளோடு தாசன் நின்றான்.

இவன் சாகட்டும் என்று எனக்குள்ளும் ஒன்று சொன்னது. ஆனால் என் உடம்பு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. அது என் பலம் இல்லை என்று இன்றும் சொல்லுவேன். துப்பட்டாவை உருவி, பல்லாலும் இடது கையாலும் காயத்துக்கு மேலே முடிச்சுப் போட்டேன். இறுகவில்லை. ஒற்றைக் கையால் முடியவில்லை.

“அண்ணி, எய்ந்திரு. எங்கண்ணன வெட்டுனவன் தம்பி இவன்” என்றான் தாசன்.

“தெரியும். குந்து. இங்க அமுக்கு.”

“இன்னா சொல்ற நீ?”

“என் கையத்தான் நீ ஒடச்சிட்டியே. ஒன் கையக் குடுடா!”

மாவுக்கட்டுக் கையை அவன் முகத்துக்கு நேரே தூக்கினேன். அவன் அதைப் பார்த்தான். அரிவாள் மணலில் விழுந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் காயத்தை அமுக்கினான். ஒரு குச்சியைச் சொருகி முடிச்சை முறுக்கச் சொன்னேன். முறுக்கினான். இரத்தம் குறைந்தது.

அப்போதுதான் ஒரு படகு வந்தது. அந்தக் கலவரத்தில் எங்கள் கரையைத் தொட்ட ஒரே படகு. குமாரின் அப்பா முனுசாமி தனியாக நின்று தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் கல்லை எடுத்தார்கள். அவர் குனியக்கூட இல்லை. “என்ன வேணா பண்ணுங்க. என் புள்ளையக் குடுங்க” என்றார்.

கையை எடுத்தால் மறுபடியும் பீறிடும். அதனால் தாசனும் படகில் ஏற வேண்டியதாயிற்று. நானும் ஏறினேன். ஒருவர் மகன் என் புருஷனைக் கொன்றவன். இன்னொருவன் என் கையை முறித்தவன். பழவேற்காடு கரை சேரும்போது முனுசாமி, “நைனா, கைய எடுத்துராதப்பா” என்று தாசனிடம் சொன்னார். தாசன் தேம்பித் தேம்பி அழுதான். கையை எடுக்கவில்லை.

பழவேற்காட்டில் ஆம்புலன்ஸ் ஏறிப் பொன்னேரி அரசு மருத்துவமனை போனோம். குமாரை உள்ளே கொண்டுபோனார்கள். வாக்குமூலம் வாங்க வந்த பெண் எஸ்.ஐ. என்னிடம், “கைல என்னம்மா கவரு அது?” என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். நேரத்தைப் பார்த்தவர், “வாக்குமூலம் எங்கேயும் ஓடிடாது. ஜீப்ல ஏறு” என்றார். தேர்வு மையம் பொன்னேரியைத் தாண்டி ஒரு பள்ளியில் இருந்தது. கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கி ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். சோதனை செய்த பெண் என் உடையைப் பார்த்து மிரண்டு, “இது யார் ரத்தம்?” என்றாள். “பொழச்சிட்டான்மா” என்றேன். அப்போது அது எனக்கே நிச்சயமாகத் தெரியாது. வாயில் வந்தது. உண்மையும் ஆயிற்று. குமார் பிழைத்துக்கொண்டான்.

இடது கையால்தான் எழுதினேன். சில கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. ஆனால் மனம் அன்று காலை ஏரி இருந்த மாதிரி இல்லை, அமைதியாக இருந்தது.

இன்று முப்பத்திரண்டு வயதில், அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் நான் “அக்கா”. ஒரு பேராசிரியர் என்னைவிட இளையவர். மெர்சி என் அம்மாவிடம் வளர்கிறாள். பாடம் கஷ்டம்தான். சில நாள் அழுகிறேன், பிறகு படிக்கிறேன். மணிக்கட்டு மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும்.

ஏரியில் சண்டை முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தாசன் அரிவாள் எடுப்பதில்லை. போன விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது, சபையின் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. “அண்ணி, எனக்கும் கொஞ்சம் ஜெபம் பண்ணு” என்றான். வெளியே போய் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தேன். உடைந்த அந்த வலது கையைத்தான் வைத்தேன்.

சகோதர சகோதரிகளே, வயது போய்விட்டது என்று உட்கார்ந்திருக்கிறவர்களே, வீட்டுக்குள்ளேயே அடிபடுகிறவர்களே, அவரிடம் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் கோபத்தோடே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் என்னைத் தள்ளவில்லை.