என் பிறந்தநாளில் அவளுக்குப் புடவை

நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூட வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. காலையில் மணி அடிக்கும் முன் அதில் 'வரலாற்றில் இன்று' எழுதி வைப்பது நான்தான். யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை. முன்பு எழுதிக்கொண்டிருந்த தமிழாசிரியர் ஓய்வு பெற்றதும் சாக்பீஸை நானே எடுத்துக்கொண்டேன். நிகழ்வுகள், பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்று மூன்று தலைப்பு. கைப்பேசியில் தேடினால் எந்தத் தேதிக்கும் அள்ள அள்ள வரும். எங்கோ ஒரு ராஜாவுக்கு முடிசூட்டியிருப்பார்கள், ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், ஒரு விஞ்ஞானி பிறந்திருப்பார், ஒரு பாடகர் செத்துப்போயிருப்பார்.

எந்த நாளும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, ஒருத்தர் வந்த நாளில்தான் இன்னொருத்தர் போகிறார் என்று பிள்ளைகளுக்குப் பெரிய மனுஷி மாதிரி சொல்லியும் இருக்கிறேன். என் தேதி என்று வந்தபோது மட்டும் அந்த ஞானமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

என் பிறந்தநாள் நவம்பரில் வருகிறது. தேதியைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேடிப் பார்த்து, அன்று பிறந்த மேதைகளோடு என்னை நிறுத்தி அளப்பீர்கள்.

என் அம்மா வீடு செவிலிமேட்டில். செவ்வாய் தோஷம் என்று இழுத்தடித்து, முப்பதைத் தாண்டித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்கிறவர். மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. தாலிச் சரட்டில் செத்துப்போன மூத்தவள் பெயரில் ஒரு சின்னத் தங்கப் பொட்டையும் கோத்துத்தான் கட்டினார்கள். அதாவது கழுத்தை நீட்டிய நிமிடத்திலிருந்தே அவள் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள் போனால் சுவரில் அவள் படம். கல்யாண போட்டோவிலிருந்து அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. வெட்டியவன் சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் என் வீட்டுக்காரரின் தோள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பட்டுச் சட்டை போட்ட அந்தத் தோளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். படத்தின் கீழே பிறப்பு, மறைவு எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அவளைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துவிடுவேன். பால் இருக்காது.

கல்யாணமான வருடம் நவம்பரில், என் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால், மாமியாரிடம் இவர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அவ கனவுல வந்தாமா. பொடவ கேக்குறா."

"எப்ப வேணுமாம்?"

இவர் தேதியைச் சொன்னார். என் தேதி.

எங்கள் பக்கத்தில் கழுத்தில் தாலியோடு, கட்டுக்கழுத்தியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டுத் தெய்வம் அவள். புதுப் புடவை, மஞ்சள், குங்குமம், கண்ணாடி, வளையல், பூ எல்லாம் வைத்து, வடை பாயசத்தோடு படைத்து, அவள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைப்பார்கள். பிறகு அந்தப் புடவையை வீட்டு மருமகள் கட்டிக்கொள்ள வேண்டும். கனவில் வந்து கேட்டுவிட்டால் மறுபேச்சே கிடையாது.

மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை பார்ப்பார்கள், திதி பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இங்கிலீஷ் தேதி. தினமும் பிறந்தவர் இறந்தவர் எழுதுகிறவளுக்கு இது புரியாதா? அது அவள் செத்த தேதி. திதி ஊருக்காக, தேதி இவர் மனசுக்காக. நானே கணக்குப் போட்டு நானே விடை எழுதிக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் நான் கேக் வெட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வருடத்தில், அதே நேரத்தில் இந்த வீட்டில் இவர் கதறிக்கொண்டிருந்திருப்பார். அதை நினைத்துப் பார்த்தபோது பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கு, எப்படி அழுதிருப்பார், எவ்வளவு நேரம் அழுதிருப்பார் என்றுதான் தோன்றியது. நான் போனால் அவ்வளவு அழுவாரா என்றும்.

அன்று தறி ஓடவில்லை. என் பிறந்தநாளில் வடை சுட்டது நான், பாயசம் வைத்தது நான். கதவைத் திறந்ததும் மாமியார் புடவையை எடுத்து என்னிடம் நீட்டினார். வாடாமல்லி நிறம், பச்சைக் கரை போட்ட சில்க் காட்டன்.

"நீதாம்மா கட்டிக்கணும்."

"எனக்கு வேணாம் அத்த. செத்தவங்களுக்கு எடுத்தத நான் கட்ட மாட்டேன்."

மாமியார் முகம் சுருங்கிவிட்டது. இவர் தறிக்குழியில் இறங்கி, நெய்யாத தறியில் உட்கார்ந்துகொண்டார். புடவை இவருடைய தங்கைக்குப் போனது. அவள் பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

பிறகு வருடா வருடம் இதே கூத்து. மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, அரக்கில் ஒன்று, இலைப்பச்சையில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் இவர், "இந்த வாட்டியாவது கட்டிக்கோயேன்" என்பார். மூத்தவளின் மனம் குளிரத்தான் கெஞ்சுகிறார் என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். நாத்தனார் வாங்கிக்கொண்டு போவாள். வாங்கும்போதே ஒரு குறை சொல்வாள்.

"அண்ணனுக்கு இன்னா ஆச்சோ தெரியல அண்ணி. எனக்கு ஆகாத கலராவே எடுக்குது."

பள்ளிக்கூடத்திலும் அன்றைக்கு நான் ஒழுங்காக இருந்ததில்லை. ஒரு வருடம் பலகையில் நிகழ்வுகள் எழுதினேன், பிறந்தவர்கள் எழுதினேன், இறந்தவர்கள் என்ற தலைப்பின் கீழே ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டேன். என்னால் முடிந்த பழிவாங்கல் அது. தலைமையாசிரியை நின்று பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், இன்னிக்கு ஒலகத்துல யாருமே சாவலியா?" என்று கேட்டார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமியார் காலமானார். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று இந்த வருடம் நான் வாயைத் திறந்துவிட்டேன். படையலுக்குச் சாமான் வாங்குவது பற்றிப் பேச நாத்தனார் வந்திருந்தாள். இவர் தறியில் இருந்தார்.

"ஏங்க, இந்த வருஷம் தேதிய மாத்துங்க. அவங்க செத்த நாளும் நான் பொறந்த நாளும் ஒண்ணா வந்தது என் தலையெழுத்து. படையலையாவது ஒரு வெள்ளிக்கிழமைல வெச்சுக்கலாமே."

தறி நின்றது.

"யாரு செத்த நாளு?"

"யாரு? உங்க மூத்த பொண்டாட்டி."

நாத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா அண்ணி சொல்ற? அவங்க போனது வைகாசில, கருட சேவை அன்னிக்கி. தெருவெல்லாம் கூட்டம். ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டாந்த வண்டி உள்ள வர முடியாம நின்னுக்கினு இருந்திச்சே. ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஊருக்கே தெரிந்தது என்பதால் யாரும் எனக்குத் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்களையும் நான் இல்லாத பாலைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன்.

"அப்ப நவம்பர்ல எதுக்கு?"

இவர் குனிந்து தறியில் நூலைப் பார்த்தார். நாத்தனாருக்கு ஏதோ புரிந்ததோ என்னவோ, பூக்காரியைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகும் இவர் நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் ஜாதகத்துல தேதி போட்டிருந்திச்சு. அம்மா நட்சத்திரத்தப் பாத்துச்சு, நான் தேதியப் பாத்தேன்."

"பாத்து?"

"பொறந்த நாளுக்குப் பொடவன்னா அம்மா உட்டிருக்குமா? எங்க வீட்ல எந்த மருமவளுக்கும் இல்லாத வழக்கம்னு ஆடித் தீத்திருக்கும். பூவாடைக்காரி கேட்டான்னா ஒண்ணும் சொல்லாது. படைச்சத வீட்டு மருமவதான் கட்டணும். எப்படியும் உனக்குத்தானே வரும்னு நெனச்சேன்."

"கனவுல வந்து கேட்டாங்கன்னீங்களே?"

"சும்மா சொன்னேன்."

"எங்கிட்டயாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"செத்தவ பேர்ல பொய் சொல்லிட்டேன்னு எப்பிடிமா சொல்றது? நீ வேற, அவ பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவ."

எனக்குச் சந்தோஷம் வந்தது, உண்மைதான். ஆனால் அது உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. வாடாமல்லி, மயில் கழுத்து, அரக்கு, இலைப்பச்சை எல்லாமே என் புடவைகள். என் நிறத்துக்குப் பார்த்துப் பார்த்து எடுத்தவை. அத்தனையும் பக்கத்துத் தெருவில் ஒரு பீரோவுக்குள் கிடக்கின்றன. ஆகாத கலர் என்று அலுத்துக்கொண்டே அதைக் கட்டிக்கொண்டு அவள் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பாள்! இத்தனை வருடம் செத்தவள் மேல் எரிந்த எரிச்சலை அப்படியே தூக்கி உயிரோடு இருப்பவள் மேல் போட்டேன். அடுத்த நாள் அவள் இலைப்பச்சையைக் கட்டிக்கொண்டு வந்தபோது, பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தேதியை மாற்றவில்லை. அதே நாளில் படைத்தோம். இந்த வருடம் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கதவைத் திறந்ததும் நானே போய் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து இவர் முன்னால் நின்றேன். இவர் கரையைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குதுமா" என்றார். பாயசம் இரண்டு டம்ளர் குடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தெம்பில், கேட்காமல் விட்டிருக்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

"அப்ப நெஜமாவே அவங்க கனவுல வந்ததே இல்லியா?"

இவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன ஒரே பொய்யும் எனக்காகச் சொன்னது.

"வருவா. எப்பவாச்சும் வருவா."

"பேசுவாங்களா?"

"பேச மாட்டா. சும்மா உக்காந்துக்கினு இருப்பா."

"என்ன பொடவ கட்டிக்கினு வருவாங்க?"

நினைவுபடுத்தப் பார்த்தார், பாவம், வரவில்லை. "தெரியலியேமா. அதப் பாத்ததில்லியே" என்றார்.

பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிற புடவை எந்தத் தெருவில் நெய்தது என்று சொல்லிவிடக் கூடியவர் இவர். கல்யாண வீட்டில் எனக்குத் தெரிந்தவர்களை நான் முகத்தை வைத்துச் சொன்னால் இவருக்குத் தெரியாது, கரையை வைத்துச் சொன்னால்தான் தெரியும். அன்றைக்கும் என் எதிரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்தால் மட்டும் முகத்தைப் பார்க்கிறார்.