அழகுராணியும் எட்டாவது இலையும்

எங்கள் ஊர் அழகுராணிப் போட்டியில் மேடையேறியவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி ஏறிய உடனே மயங்கி விழுந்தாள். மிச்சம் நால்வரில் இருவர் அக்கா தங்கை. இன்னொருத்தி துணிக்கடைக்காரர் மகள். ஐந்து பேரின் புடவையும் அவள் அப்பா கடையிலிருந்து இலவசமாக வந்தவை. நடுவர்கள் மூவரின் சட்டைத் துணியும் அப்படியே. யார் ஜெயித்தாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த அந்த வருடம் மலாக்காவில் எதற்கெடுத்தாலும் ஒரு ராணியைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்காட்சிக்கு ஒரு ராணி, சைக்கிள் பந்தயத்துக்கு ஒரு ராணி. வெள்ளைக்காரர்களின் ராணி போய்விட்டாளே என்ற ஏக்கமோ என்னவோ. ஒவ்வொரு ராணியும் ஒரு தர்ம காரியம் எடுத்து ஊர் ஊராகப் பேச வேண்டும் என்று விதி வேறு. ஒருத்தி மலேரியாவைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி பால் பவுடரை. துணிக்கடைக்காரர் மகளுக்கு மிஞ்சியது வயதானவர்களின் மறதி. இப்போது பத்திரிகைகளில் ஆல்சைமர் என்று எழுதுகிறார்கள். அன்று எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. 'மூளை தேய்கிறது' என்று டாக்டர் என்னிடம் சொன்னார், ஏதோ செருப்பைப் பற்றிச் சொல்வது போல.

என்னிடம் சொன்னார் என்றால், என் மனைவிக்கு அது இருந்தது.

அவள் கம்போங் செட்டிப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து மலாய்க்கு மாறிவிட்ட செட்டிகளின் குடியிருப்பு அது. நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணிய கிராணி. எங்கள் வீட்டில் தமிழ். அவர்கள் வீட்டில் சாமிக்கு மட்டும் தமிழ்; மற்றதெல்லாம் அவர்களுடைய மலாய். கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் அவளுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தேன். நோய் வந்ததும் கடைசியாக வந்தது முதலில் போயிற்று. ஐம்பத்திரண்டு வயதில் அவள் திரும்பவும் மலாய் மட்டுமே பேசும் பெண்ணானாள். என்னைத் தங்க வந்த விருந்தாளி என்று நினைத்தாள். "நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்பாள்.

அவளுக்கு மறக்காத விஷயம் ஒன்று உண்டு. தைப் பொங்கலுக்கு முந்தின நாள் பிறந்த வீட்டில் நடக்கும் பர்ச்சு. செத்துப்போனவர்களுக்கு வாழை இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறி, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய் நாம் சாப்பிடலாம். இலை எப்போதும் ஒற்றைப்படை. அந்த வீட்டில் ஏழு. மார்கழி பிறந்தாலே அவள் வாசலுக்கும் அறைக்குமாக நடப்பாள். "வீட்டுக்குப் போகணும், இலை துடைக்கணும்" என்பாள்.

ஆனால் முந்தின வருடம் கதவைத் திறந்தபோது அவள் உள்ளேயே இருந்தாள். செத்தவர்களின் வரிசையில் மூன்றாவது இலையில் உட்கார்ந்து, அவள் தகப்பனாருக்கு வைத்த பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். அவள் தம்பி, அந்த வீட்டுக்குத் தலைவன், அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

"சியால், மாமா, சியால்! வீட்டுக்குத் தரித்திரம். அடுத்த வருஷம் அக்கா இந்தப் படி ஏறக்கூடாது. பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு ஒண்ணு எதுக்குக் கட்டி வச்சிருக்கான்?"

அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தமிழில் கொஞ்சம் நாகரிகமாகத் தெரிகிறது.

அந்த மார்கழியிலும் அவள் நடக்கத் தொடங்கினாள். பிறந்த வீடு எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். கோயில் மணி கேட்டால் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவாள். நான் இரண்டு முறை மைத்துனன் வாசலில் போய் நின்றேன். இரண்டு முறையும் முடியாது என்றான்.

அப்போதுதான் ராணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் பட்டை, தலையில் அட்டைக் கிரீடம். அதில் பதினொரு கண்ணாடிக் கல், ஒன்று விழுந்திருந்தது. பின்னால் கழுத்தில் கேமரா மாட்டிய பத்திரிகை ஆள்.

"கிராணி மாமா, அத்தைய நான் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"பேசறதுக்கு ஒரு ஆள் வேணும் மாமா. சும்மா மறதி மறதின்னு பேசுனா யாரும் கேக்க மாட்றாங்க. போன கூட்டத்துல பாதிப் பேர் எந்திரிச்சிப் போய்ட்டாங்க."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"இருபது இருக்கும் லா."

"அதுல உங்க கடை ஆளுங்க எத்தனை?"

அவள் சிரித்தாள். வெட்கப்படவில்லை. வெட்கம் இருந்திருந்தால் போட்டிக்கு வந்திருப்பாளா? என் மனைவி அறையிலிருந்து வந்து கிரீடத்தைப் பார்த்தாள். கல்யாணப் பெண் என்று நினைத்து அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு, "வீட்டுக்குப் போகணும், இலை துடைக்கணும்" என்றாள். ராணி என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் போகமாட்டாள் போலிருந்தது.

அடுத்த நாளே அவள் என் மைத்துனன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அக்காவின் நோயைப் பற்றி எவ்வளவு பேசினாள் என்று தெரியாது. பர்ச்சு அன்று வந்து, வீட்டையும் குடும்பத்தையும் படம் பிடித்துப் பத்திரிகையில் போடச் செய்வதாகச் சொன்னாள் என்பது தெரியும். சாயங்காலம் மைத்துனன் என் வாசலில் நின்றான்.

"அக்காவ நல்லாக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாங்க, மாமா. ரத்த பந்தம் இல்லையா?"

நான் போய்க் கெஞ்சிய இரண்டு முறையும் அந்த ரத்தம் எங்கே ஓடியதோ.

பர்ச்சு அன்று முற்றத்தில் ராணி ஒரு நாற்காலிமேல் ஏறிப் பேசினாள். தமிழில் பாதி, கடை மலாயில் பாதி. "இவங்க எல்லாத்தையும் மறந்துருவாங்க. பேரு, ஊரு, புருஷன், பிள்ளை, எல்லாம்! ஒண்ணும் மிஞ்சாது!" எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது முதல் தப்பு. என் மனைவிக்கு எழுபது வயது என்றாள், இரண்டாவது. மூன்றாவதை அவளே அன்று பார்க்கப் போகிறாள் என்று எனக்கும் அப்போது தெரியாது.

உள்ளே ஏழு இலையும் பரிமாறியாயிற்று. சாம்பிராணி மட்டும் பாக்கி. "படம்! படம்!" என்று பத்திரிகைக்காரன் கூப்பிட்டதும் வீடே முற்றத்துக்கு ஓடியது. மைத்துனன் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். என்னையும் ஓரத்தில் இழுத்து நிறுத்தினார்கள். பதினாறு பேர், ராணியைச் சேர்க்காமல். ஒருவருக்கும் என் மனைவி நினைவு வரவில்லை. மறதியைப் பற்றிப் பேச்சு முடிந்து இன்னும் கைதட்டல்கூட அடங்கவில்லை.

படம் எடுத்து முடித்து உள்ளே வந்தோம். நான் எண்ணினேன். எட்டு இலை.

எட்டாவது வரிசையின் கடைசியில் இருந்தது. கொஞ்சம் சோறு, அதன்மேல் அசாம் பெடாஸ் மீன், அதன் புளிக்காரக் குழம்பு தனியாக. மீனில் முள் எடுத்திருந்தது. எடுத்த முட்கள் இலையின் ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருந்தன. கல்யாணமான புதிதில் எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது. அதற்குப் பிறகு, எடுத்த முட்களை நான் எண்ணிப் பார்க்காமல் மீனைத் தொடமாட்டேன். அப்படி முள் அடுக்கி மீன் சாப்பிடுகிறவன் மலாக்காவில் நான் ஒருவன்தான். என் மனைவி இலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்குக்கா?" என்றான் தம்பி.

"என் புருஷனுக்கு. பாவம், செத்துப் போய்ட்டார்" என்றாள், நான் பக்கத்தில் நிற்க.

பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கினான். மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். உயிரோடிருக்கும் அக்கா புருஷனுக்குச் செத்தவர்கள் வரிசையில் இலை போட்டாயிற்றே என்றல்ல. "எட்டு! எட்டு ஆகாது! ஒண்ணை எடுங்க!" என்று கத்தினான். எட்டாவது இலையில் கை வைத்தான். என் மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்துவிட்டாள்.

"கிலா! பைத்தியம்! வெளிய கொண்டு போங்க! இனிமே இந்த வீட்டுல இவளுக்கு—"

"ஐயோ, எட்டு ஆகாதுன்னா ஒன்பது போடுங்களேன்!" என்றாள் ராணி. "அரை கஜம் பத்தலன்னா இன்னொரு அரை கஜம் கிழிச்சாப் போச்சு. இதுக்குப் போயி என்னா சண்டை?"

துணிக்கடை மூளை. ஆனால் பக்கத்தில் பத்திரிகைக்காரன் இருந்தான். படம் இன்னும் அச்சாகவில்லை. மைத்துனன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே யோசித்தான்.

"ஒன்பதாவது யாருக்கு?"

"யாருக்கோ. உங்க குடும்பத்துல பேர் தெரியாதவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

ஒன்பதாவது இலை போட்டார்கள். சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்தினார்கள். என் மனைவி தானாகவே எழுந்து வெளியே வந்தாள். முந்தின வருடம் அவளை உள்ளே உட்கார வைத்தது பசி மட்டும்தான் போலிருக்கிறது; அதை யாரும் கேட்கவில்லை. கதவைத் தட்டித் திறந்த பிறகு என்னை எட்டாவது இலைக்கு அழைத்துப் போனாள்.

"நீங்க சாப்பிடுங்க. அவர் சாப்பிட்டு முடிச்சிருப்பார். ஒண்ணும் சொல்லமாட்டார்."

நான் முட்களை எண்ணிவிட்டுச் சாப்பிட்டேன்.

பத்திரிகையில் படம் வந்தது. ராணி நடுவில், மைத்துனன் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கத்தில், நான் இருந்த ஓரத்தை வெட்டியிருந்தார்கள். என் மனைவி அதில் இல்லவே இல்லை. ராணி அந்தக் கதையை அலோர் காஜாவிலும் ஜாசினிலும் சொன்னாளாம். ஓரிடத்தில் மீன் கோழியாயிற்று. இன்னோரிடத்தில் நான் உண்மையாகவே செத்துப்போயிருந்தேன். 'ஒண்ணும் மிஞ்சாது' என்பதை மட்டும் அவள் கடைசிவரை விடவில்லை, பார்த்த பிறகும். அடுத்த வருடம் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். மறதி அதோடு மறந்துபோயிற்று.

மைத்துனன் மட்டும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினான். பத்திரிகையில் வந்த பர்ச்சு என்று பெருமை. படத்தின் கீழே ஒன்பது இலை என்று அச்சாகிவிட்டதால் அதற்குப் பிறகு ஒன்பதைக் குறைக்கத் துணியவில்லை. என் மனைவியையும் தடுக்கவில்லை. இன்னும் நான்கு தை அவள் என்னைச் செத்தவனாக வரிசையில் வைத்து முள் எடுத்தாள். நான் விருந்தாளியாகப் போய்ச் சாப்பிட்டேன்.

ஐந்தாவது தைக்கு அவள் இல்லை. இலை கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாவதை அவளுக்கு என்றார்கள். எட்டாவதில் மைத்துனன் மனைவி மீன் வைத்தாள். முள் எடுக்கவில்லை.